அரை நொடி அவகாசம்

ஒரகடம் நாற்சந்தியில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், ஸ்ரீபெரும்புதூர் - சிங்கபெருமாள் கோவில் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்று, நைட் ஷிஃப்ட் முடித்த பையன்களை உதிர்த்துவிட்டுப் போகும். எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயசுதான். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, கண்ணில் தூக்கம். இங்கே கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள். அவற்றுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரி பாகங்களைச் செய்து கொடுக்கிற சிறு பட்டறைகளோ எண்ணி மாளாது.

ஒரு டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் ஒரு தம்பி. விருதுநகர் பக்கம் சொந்த ஊர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவன். டீ கிளாஸை இடது கையில் வாங்கினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"பிரஸ்ல போச்சு சார். ரெண்டு வருஷம் ஆச்சு. என் தப்புதான். கவனம் இல்ல."

கேட்காமலே சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம் என்பது அதன் வேகத்திலேயே தெரிந்தது.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. நிருபராக இருந்த காலத்தில் இந்த மாதிரிச் செய்திகளை நானே எழுதியிருக்கிறேன். ஒரு பத்தி, நாலே வரி. 'கவனக்குறைவால் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கியது.' அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லை எனக்குக் கொடுத்தவர் நிர்வாகத்தின் தரப்பில் போன் எடுத்தவர். நான் அதைச் சரிபார்க்கவில்லை. யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? அந்தக் கை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தது.

இந்த வாரம் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறோம். விபத்து நடந்த அந்தக் கணத்தில் ஒரு மனிதன் 'கவனமாக' இருந்திருக்க முடியுமா? முடியாது என்றால், தப்பு யாருடையது?

*

இதற்குப் பதில் தேடினால் ஒரகடத்தில் இருந்து நேராக நம் முதுகுத்தண்டுக்குள் போகவேண்டியிருக்கிறது. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். தவளையை அறுத்துப் பார்த்தவன் இல்லை. எனக்குப் புரிந்த பாஷையில்தான் சொல்வேன்.

மீன், தவளை, பல்லி, காக்கா, மனுஷன்... முதுகெலும்பு உள்ள எல்லாருக்கும் அடிப்படை வயரிங் ஒன்றுதான். மேலே மூளை என்கிற தலைமை அலுவலகம். அதிலிருந்து இறங்கும் தண்டுவடம். உடம்பெங்கும் இருந்து வருகிற தகவல் தண்டுவடத்தின் பின்பக்கமாக உள்ளே நுழைகிறது. தசைகளுக்குப் போகிற உத்தரவு முன்பக்கமாக வெளியே வருகிறது. நம் ஆபீஸில் இன்வர்ட், அவுட்வர்ட் என்று இரண்டு ரிஜிஸ்டர் வைத்திருப்போமே, அப்படி.

இதில் வேலை பார்க்கிற குமாஸ்தாவின் பெயர் நியூரான், நரம்பு செல். மனித மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி பேர். ரொம்ப நாள் பத்தாயிரம் கோடி என்று உத்தேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் எண்ணிப் பார்த்துத்தான் கணக்கைத் திருத்தினார்கள்.

ஒவ்வொரு நியூரானும் உப்புக் கணக்கு எழுதுகிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, சும்மா இருக்கும்போது உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட் என்கிற அளவில் இருப்பு வைத்திருக்கும். பக்கத்து செல்களில் இருந்து வருகிற தூண்டுதல் சேர்ந்து இருப்பு மைனஸ் 55 அளவுக்கு வந்தால், வாசல் படீரென்று திறக்கும். சோடியம் உள்ளே பாயும். ஒரு மின்துடிப்பு கிளம்பி, நூல் மாதிரி நீண்டிருக்கிற நரம்பிழை வழியாக ஓடும். இங்கே பார்ட் பேமென்ட் கிடையாது. துடித்தால் முழுத் துடிப்பு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. லேசான வலிக்கும் கடுமையான வலிக்கும் வித்தியாசம், துடிப்பின் அளவில் இல்லை. நொடிக்கு எத்தனை முறை, எத்தனை நரம்பிழைகளில் துடிக்கிறது என்பதில் இருக்கிறது.

சரி, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது? மின்சாரம் என்றவுடன் கண்மூடித் திறப்பதற்குள் என்று நினைப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மனியின் யோஹன்னஸ் முல்லர், இதை அளக்கவே முடியாது என்றார். 1850-இல் அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளைக் காலை வைத்து அளந்தே விட்டார். நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்! நெடுஞ்சாலையில் கொஞ்சம் விரட்டி ஓட்டுகிற காரின் வேகம், அவ்வளவுதான்.

நம் உடம்பில் எல்லா நரம்பும் ஒரே வேகம் இல்லை. கொழுப்பு உறை போட்ட தடித்த நரம்புகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை போகும். வலியைச் சுமக்கிற மெல்லிய, உறையில்லாத நரம்புகள் இருக்கின்றனவே, அவை நொடிக்கு ஒரு மீட்டர் போல. நாம் நடக்கிற வேகம்! காலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்', ஒரு மூச்சு கழித்து 'வின் வின்' என்று வருகிறதே, அந்த இரண்டாவது ஆள் நடந்து வந்தவர்.

"அடிபட்டப்ப வலிச்சுதா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பிரஸ் மேல போனப்புறம் கைய பார்த்தேன். பார்த்தப்புறம்தான் வலிச்சுது."

அவன் உயிரியல் பாடம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

*

இப்போது நீங்கள் கேட்கலாம்: "சூடான தோசைக்கல்லில் கை பட்டால் நினைக்கிறதுக்கு முன்னாடியே கையை இழுத்துடுறோமே? அந்த மாதிரி இழுத்திருக்கலாமே?"

நல்ல கேள்வி. அங்கே நடப்பது என்னவென்றால், சுட்ட சேதி தண்டுவடத்துக்கு வந்ததுமே, தலைமை அலுவலகத்தின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல், கிளை அலுவலகமே உத்தரவு போட்டுவிடுகிறது. கை பின்னால் வந்த பிறகுதான் மூளைக்கு நகல் போகிறது. "ஸ்... ஆ!" என்று நாம் கத்துவது அதற்கப்புறம்.

இந்தக் கிளை அலுவலகம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று 1853-இல் எட்வர்ட் ஃப்ளூகர் காட்டினார். தலை நீக்கப்பட்ட தவளையின் தோலில் அமிலத்தை வைத்தால், அது காலைத் தூக்கி அந்த இடத்தைத் துடைத்துக்கொள்கிறது! அப்படியானால் தண்டுவடத்துக்கும் உணர்வு இருக்கிறது என்றார் ஃப்ளூகர். இல்லவே இல்லை, அது வெறும் இயந்திரம் என்றார் லோட்சே என்கிற தத்துவ அறிஞர். துடைத்தது தவளையா, தவளையின் உடம்பா? அந்தக் காலத்துப் பெரும் சண்டை அது.

எனக்கு அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. இந்த அனிச்சைச் செயல் வேலை செய்ய, முதலில் சுட வேண்டும். அல்லது குத்த வேண்டும். நெருப்பும் முள்ளும் கொஞ்சம் சுட்டுக்காட்டி, கொஞ்சம் குத்திக்காட்டி எச்சரிக்கும். பிரஸ் அப்படி எச்சரிக்காது. அதன் முதல் தொடுகையே கடைசித் தொடுகை. கோடிக்கணக்கான வருஷங்களாக முதுகெலும்பு உள்ள பிராணிகள் பழகியது நெருப்போடும் முள்ளோடும் பல்லோடும்தான். பவர் பிரஸ் வந்தது அந்தக் கணக்கில் நேற்றுத்தான். நம் தண்டுவடத்துக்கு அதைத் தெரியாது.

அப்படியானால் கண்ணை நம்ப வேண்டியதுதான். கணக்குப் போடுவோம், அது என் துறை. நிமிஷத்துக்கு 60 அடி அடிக்கிற பிரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு நொடி. மேலிருந்து கீழே வர அரை நொடி. கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைய ஆரம்பிக்க, நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷனுக்கே ஐந்தில் ஒரு நொடி ஆகும். உள்ளே போய்க்கொண்டிருக்கிற கையை நிறுத்தி, திருப்பி, வெளியே எடுக்க மேற்கொண்டு அதே அளவு நேரம். எல்லாம் சரியாக நடந்தால் மயிரிழையில் தப்பலாம். எல்லாம் சரியாக நடந்தால்.

அந்தத் தம்பியின் அன்றைய கணக்கைக் கேட்டேன். காலையில் ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிறான். மதியம் ஷிஃப்ட். ராத்திரி மாற்றிவிட வேண்டியவன் வரவில்லை. "தம்பி, கொஞ்சம் பார்த்துக்கோப்பா" என்று சூப்பர்வைசர் சொல்ல, ஓ.டி. கிடைக்குமே என்று இவனும் தலையாட்ட, அதே மெஷினில் தொடர்ந்திருக்கிறான். விரல் போனபோது விடிகாலை நாலு மணி. பத்தொன்பது மணி நேரம் விழித்திருந்த உடம்பு.

தூக்கத்தை ஆராய்கிறவர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். திரையில் சமிக்ஞை தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதமானால் அதை 'நழுவல்' என்று குறித்துக்கொள்வார்கள். தூக்கம் கெடக் கெட நழுவல் கூடும். கண் திறந்துதான் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

பிரஸ் கீழே வர எவ்வளவு நேரம் என்று சொன்னேன்? அரை நொடி.

*

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பார்த்து ஆச்சரியப்பட்டேன். தொழிலாளர் நஷ்டஈட்டுக்காக 1923-இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சாவோ, முழு நிரந்தர ஊனமோ இல்லாத காயங்களில், நஷ்டஈட்டை மறுக்கப் பழைய சட்டம் சொன்ன காரணங்கள் மூன்று. குடித்திருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது அல்லது உதாசீனம் செய்தது. புதிய தொகுப்பிலும் இவை தொடர்கின்றன.

இந்த மூன்றில் 'கவனக்குறைவு' எங்கே? இல்லை! நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய சட்டத்துக்கே, வேண்டுமென்று செய்வதற்கும் கை தவறுவதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் என் நாலு வரிச் செய்தியில் தெரியாமல் போயிற்று.

முதல் காரணத்தை மறுபடி பாருங்கள். குடி. 1997-இல் டாசன், ரீட் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 0.03 சதவீதம். அதாவது, அந்தத் தம்பி அன்று விடிகாலை நாலு மணிக்கு ஒரு பைக் ஓட்டியிருந்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலே, குடித்தவன் நிலைமையில் ஓட்டியிருப்பான். குடித்துவிட்டு வந்தவனைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். தூங்காதவனை? "கொஞ்சம் பார்த்துக்கோப்பா."

*

அந்தப் பழைய சட்டத்தில் ஓர் அட்டவணையும் இருந்தது. உடம்பின் விலைப்பட்டியல். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் நஷ்டம். நடுவிரலுக்கு 12. கட்டை விரலுக்கு 30. சுண்டு விரலுக்கு 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 14-ஐயும் 12-ஐயும் கூட்டினால் 26. சேர்ந்து போனால் 20. மொத்த வியாபாரத்தில் தள்ளுபடி!

மூளையும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1930-களில் கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்கிற அறுவை மருத்துவர், நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மின்முனையால் லேசாகத் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று வரைபடம் போட்டார். முதுகு, வயிறு, தொடை எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன இடம். கைக்கும் முகத்துக்கும்தான் பெரிய பெரிய பட்டா. அந்த விகிதத்தில் ஒரு மனுஷனை வரைந்தால், உள்ளங்கை முறம் மாதிரி இருக்கும். மூளையின் கணக்கில் விரல் என்பது அவ்வளவு பெரிய சொத்து.

"ஒண்ணு கேக்கட்டா சார்?" என்றான் தம்பி. "இல்லாத வெரலு அரிக்குது சார். ராத்திரில. எங்கன்னு சொறியுறது?"

இதற்கு ஓரளவு பதில் சொன்னவர் நம்ம ஊர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியா போன வி.எஸ்.ராமச்சந்திரன். கையை இழந்தவர்களுக்குக் கை இருப்பது போலவே தோன்றுகிற, வலிக்கிற விநோதத்தை 1990-களில் ஆராய்ந்தார். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். பிம்பம் அசைய அசைய, சிலருக்கு இல்லாத கையின் வலி குறைந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆனால் செலவில்லாத வைத்தியம். தம்பியிடம், நரம்பியல் டாக்டரைப் பார்த்து இதைக் கேட்கச் சொன்னேன்.

கை போனதும் மூளையில் அதன் இடத்தைப் பக்கத்து உறுப்பு ஆக்கிரமித்துக்கொள்கிறது என்று ராமச்சந்திரன் கருதினார். அதில் இப்போது மாற்றுக் கருத்து வந்திருக்கிறது. 2025-இல் வந்த ஓர் ஆய்வில், கையை அகற்றுவதற்கு முன்பும், அகற்றி ஆண்டுகள் கழித்தும் அதே ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கைக்கான வரைபடம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறதாம்.

யோசித்துப் பாருங்கள். சட்டத்தின் பேரேட்டில் 20 சதவீதம் என்று எழுதி கணக்கை முடித்துவிட்டோம். அவன் மூளையின் பேரேட்டில் அந்த இரண்டு விரலும் இன்னும் வரவில் நிற்கின்றன. ராத்திரி ராத்திரி அரிக்கின்றன.

*

"அப்படின்னா எல்லாப் பழியையும் நரம்பு மேலே போட்டுட்டு, யாருமே பொறுப்பில்லைன்னு சொல்லலாமா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. சூப்பர்வைசருக்கும் நரம்புதான். அவர் தலை மேலே டார்கெட். முதலாளிக்கும் நரம்புதான். அவர் தலை மேலே பேங்க் வட்டி.

நியாயம். நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த அளவுகோல் இதுதான். யாருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்ததோ, அவ்வளவு பொறுப்பு.

அந்த பிரஸ்ஸில் ஒரு சென்ஸார் இருந்தது. கை குறுக்கே வந்தால் மெஷின் நின்றுவிடும் ஒளித்திரை. அதை எங்கே பொருத்த வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. மனிதக் கை நொடிக்கு 63 அங்குலம், அதாவது 1.6 மீட்டர் வேகத்தில் உள்ளே போகும் என்று எடுத்துக்கொள். மெஷின் நிற்க எத்தனை நொடி ஆகும் என்று பார். இரண்டையும் பெருக்கு. மெஷின் நிற்க 0.2 நொடி என்றால் 32 சென்டிமீட்டர். குறைந்தபட்சம் அவ்வளவு தள்ளித் திரையை வை. அவ்வளவுதான் கணக்கு.

கவனித்தீர்களா? இந்த வாய்ப்பாட்டில் கையின் வேகம் இருக்கிறது, மெஷினின் நேரம் இருக்கிறது. தொழிலாளியின் கவனம் என்று ஓர் எழுத்துகூட இல்லை! கவனம் தவறத்தான் செய்யும், கை உள்ளே போகத்தான் போகும் என்று ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிற கணக்கு அது. மனுஷனைத் திட்டாமல் மனுஷனைப் புரிந்துகொண்ட கணக்கு.

"அந்த சென்ஸார் என்ன ஆச்சு தம்பி?"

"அடிக்கடி மெஷின நிறுத்திடுது, ப்ரொடக்ஷன் போகுதுன்னு ஒரு வாரமா ஆஃப்ல வெச்சிருந்தாங்க சார்."

ஒரு வாரம். ஏழு நாள். ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைக்க நேரம் இருந்தவர்களுக்கு, அந்த சென்ஸாரைச் சரிசெய்ய ஏழு நாள் அவகாசம் இருந்தது. விரலுக்கு இருந்தது அரை நொடி. பழி வந்து சேர்ந்ததோ அரை நொடிக்காரன் மேல்.

இந்த அளவுகோல் தொழிலாளியையும் விடாது. பீஸ் கணக்கு கூட வேண்டும் என்று இரட்டைப் பொத்தானில் ஒன்றைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டு ஒரு கையால் வேலை பார்க்கிறவர்களும் உண்டு. அதைக் கட்ட அவருக்கு நேரம் இருந்தது. அது கைதவறல் ஆகாது. தீர யோசித்துச் செய்தது. பொறுப்பும் அவருக்கு உண்டு. கட்டியிருப்பதைத் தினமும் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவருக்கு அதைவிட அதிகம் உண்டு.

அப்புறம் என்னைப் போன்றவர்கள். செய்தி எழுத எனக்கு அரை நொடியா கொடுத்தார்கள்? பக்கம் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. எத்தனை மணி நேரம் விழித்திருந்தான், சென்ஸார் வேலை செய்ததா என்று இரண்டே கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மையில் கவனக்குறைவு என்றால் அதற்குப் பெயர் அதுதான்.

இனி பேப்பரில் அந்தச் சொல்லைப் பார்த்தால் நீங்களாவது அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

பஸ் வந்தது. தம்பி எழுந்தான். இப்போது ஸ்டோர்ஸில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். போகும்போது திரும்பி, "என் தப்புதான் சார்... கொஞ்சம் பார்த்திருக்கணும்" என்றான் மறுபடியும்.

"உன் தப்பு இல்ல தம்பி" என்றேன்.

அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. இரண்டு வருஷமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவன் நரம்பிலேயே ஏறியிருக்கிறது. அதை எடுக்க ஒரு டீ நேரம் போதாது.